கூச்சம்தான், தோழரே!

சென்ற வாரம் நமக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் இயக்கத் தோழர், பட்டறைத் தொழிலாளி. ஊரும் பேரும் இங்கே வேண்டாம். அட்டையில் இருந்தவை நாலே வரிகள்.

"தோழர் அவர்களுக்கு, எங்கள் ஊர்ப் பொதுக்கூட்டத்துக்கு வந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் இரவு எட்டு மணிக்கு மேடையில் கறுப்புக் கண்ணாடி எதற்கு? உழைக்கிறவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க உங்களுக்கும் கூச்சம் வந்துவிட்டதா?"

சுருக்கென்று தைத்தது. ஆயினும் கோபம் வரவில்லை. கேட்க உரிமை உள்ளவர் கேட்டிருக்கிறார். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம். அவருக்கு மட்டும் தனியே எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அது ஒருவருடைய கேள்வியல்ல என்பது நமக்குத் தெரியும். அன்று மைதானத்தில் மணலில் உட்கார்ந்திருந்த பலருடைய மனத்திலும் அந்தக் கேள்வி இருந்திருக்கும். எனவே இப்பகுதியிலேயே பதில் தருகிறோம்.

தோழரே! கூச்சம்தான். மறுக்கவில்லை. ஆனால் அது உம்மைக் கண்டு வந்த கூச்சமன்று. கண் கூச்சம்! வெளிச்சத்தைக் கண்டு வந்த கூச்சம்!

வெட்டியது வாளல்ல

நடந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அச்சகத்திலிருந்து வந்த தாள்கட்டு ஒன்றை அவிழ்த்துக் கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற இளைஞர் அவசரமாக ஒரு தாளை உருவினார். அதன் விளிம்பு நம் இடது கண்ணில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிற்று. வாளுக்கும் வேலுக்கும் அஞ்சாதவர் என்று மேடையில் நம்மை அறிமுகம் செய்வார்கள். நம்மை வீழ்த்தியது வாளல்ல, தாள்! அதுவும் நம் சொந்தப் பத்திரிகையின் தாள்!

கண்ணை மூடினால் மணல், திறந்தால் நெருப்பு. தாரை தாரையாய் நீர் வழிந்தது. தெருமுனை மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டோம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மறந்தும் போனோம்.

ஆறு வாரம் கழிந்திருக்கும். விடியற்காலை நான்கு மணி. விழிப்பு வந்து கண்ணைத் திறந்தோம். திறந்த கணத்திலேயே, இமைக்குள் யாரோ உப்புத்தாளை வைத்து இழுத்ததைப் போல ஒரு வலி! அலறல் கேட்டு ஓடிவந்த வீட்டார் விளக்கைப் போட்டனர். அந்த விளக்கு ஈட்டியாகப் பாய்ந்தது. "அணையுங்கள், அணையுங்கள்" என்று கத்தினோம். ஊருக்கெல்லாம் அறிவு வெளிச்சம் வேண்டும் என்று பேசிவரும் நாம், போர்வையை முகத்தில் இழுத்துப் போர்த்துக்கொண்டு இருட்டுக்காக மன்றாடினோம்!

காலை பத்து மணிக்கு வலி தணிந்தது. நண்பகலில் கண் வெள்ளை வெளேர் என்று இருந்தது. அலுவலகத்தில் நண்பர்கள் பார்த்துவிட்டு, "கண்ணுக்கு என்ன? நன்றாகத்தானே இருக்கிறது!" என்றனர். அவர்கள் மீது குற்றமில்லை. காலுக்குக் கட்டு உண்டு. காய்ச்சலுக்குச் சூடு உண்டு. இந்த வலிக்குச் சாட்சி இல்லை. அதுவே அதன் கொடுமை.

அடுத்த பத்தாம் நாள் மீண்டும் அதே வலி. அதற்கடுத்த வாரம் மறுபடியும். படுக்கப் போகும்போதே பயம் வந்துவிடும். உழைத்துக் களைத்தவனுக்கு உறக்கம்தான் உற்ற துணை. அந்த உறக்கத்துக்கே அஞ்சி, நாற்காலியில் உட்கார்ந்தபடி இரவைக் கழித்த நாட்களும் உண்டு.

சுவரும் பூச்சும்

கடைசியில் கண் மருத்துவரிடம் போனோம். முதல் நாளே போயிருக்க வேண்டும், போகவில்லை. அது நம் தவறு.

அவர் சாயம் தோய்த்த சிறு தாள்துண்டு ஒன்றைக் கண்ணில் தொட்டார். நீல ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். காயம் உள்ள இடத்தில் மட்டும் அந்தச் சாயம் பச்சையாக ஒளிரும். பார்த்துவிட்டு அவர் சொன்ன விளக்கத்தை நம் தோழர்களுக்குப் புரியும் வகையில் சொல்கிறோம்.

கைக்கடிகாரத்தின் முகத்தில் கண்ணாடி பதித்திருப்பதைப் போல, கண்ணின் முன்புறத்தில் வட்டமாய் ஒரு படலம் இருக்கிறது. கருவிழி என்கிறோம். பார்வைக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் அது கறுப்பன்று; தெளிந்த கண்ணாடி. பின்னால் இருப்பதன் நிறமே முன்னால் தெரிகிறது. அதன் அகலம் 11 முதல் 12 மில்லிமீட்டர் வரை. நடுவில் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். உலகத்தை நமக்குக் காட்டும் சாளரம் இவ்வளவுதான்!

அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் ஒளி தடைபடும். தனக்கு வேண்டிய உயிர்க்காற்றில் பெரும்பங்கை அது கண்ணீரின் வழியாக வெளிக்காற்றிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. இரத்தம் இல்லையே தவிர, நரம்பு உண்டு. தோலோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மடங்கு நெருக்கமாக நரம்பு நுனிகள் அங்கே நிறைந்திருக்கின்றன. அதனால்தான் கடுகளவு தூசி விழுந்தாலும் கட்டாரி விழுந்ததைப் போல் துடிக்கிறோம்.

அந்தக் கருவிழியின் மேல்தோல் கிழிந்தால் ஓரிரு நாளில் வளர்ந்து மூடிவிடும். ஆனால் அடியில் இறுகப் பற்றிக்கொள்ள வாரங்கள், மாதங்கள் ஆகும். கொத்தனார் தோழர்களுக்கு இது நன்றாகப் புரியும். காரை பெயர்ந்த சுவரில் அவசரமாகப் பூசிய பூச்சு பார்வைக்குப் புதிதாக இருக்கும். தட்டினால் பாளம் பாளமாகப் பெயரும். அதுபோலத்தான். இரவில் கண் காய்கிறது. இமை அந்தப் புதுத்தோலோடு ஒட்டிக்கொள்கிறது. விடியற்காலையில் இமையைத் திறந்தால் தோலும் சேர்ந்து பெயர்கிறது. ஆறிய காயம் ஆறாத காயமாகித் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுதான்.

வெளிச்சம் ஏன் வலிக்கிறது?

இதை நாம் மருத்துவரிடம் கேட்டோம். கருவிழி காயப்பட்டால் கண்ணுக்குள் இருக்கும் சிறு தசைகள் பிடித்துக்கொள்கின்றன. நடந்து களைத்தவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதைப் போல. வெளிச்சம் பட்டதும் கண்ணின் மணி சுருங்கும், அது இயற்கை. பிடித்துக்கொண்ட தசை மேலும் சுருங்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? அதனால்தான், காயம்பட்ட கண்ணின் மணியை விரித்துத் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்தைச் சிலருக்கு மருத்துவர் விடுகிறார்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு கண்ணில் ஒளி பட்டால் இரண்டு கண்மணிகளும் சேர்ந்தே சுருங்கும். ஆகவே, புண்பட்ட கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நல்ல கண்ணால் பார்த்தாலும், பொத்திய கண் வலிக்கலாம். "ஒரு கண்தானே வலிக்கிறது, மறு கண்ணால் வேலை பார்" என்று சொல்லும் மேஸ்திரிகள் இதைக் கேட்க வேண்டும்.

காயம் மேல்தோலோடு நின்றால் தழும்பு விழாது. ஆழத்துக்குப் போனால் தழும்பு விழும். தெளிந்த கண்ணாடியில் அது வெள்ளைப் புகைபோல் நிற்கும். பேருந்தின் முன் கண்ணாடியில் கீறல் விழுந்தால், எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிப் பூவாய் விரிவதை ஓட்டுநர் தோழர்கள் அறிவார்கள். அந்தக் கீறலைக் கண்ணிலேயே சுமப்பவனுக்கு ஒவ்வொரு விளக்கும் அப்படித்தான்.

மூன்றாண்டுப் பாடம்

இந்த மூன்றாண்டுகளில் சிலவற்றைக் கற்றுக்கொண்டோம். இதே துன்பம் உள்ள தோழர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்லி வைக்கிறோம்.

படுக்கும்முன் மருத்துவர் தந்த களிம்பைக் கண்ணில் இட்டுக்கொள்கிறோம். விழித்ததும் கண்ணைப் படாரென்று திறப்பதில்லை. மூடிய இமைக்குள்ளேயே விழியை மெல்ல அசைத்து, நீர் ஊறிய பிறகு திறக்கிறோம். மின்விசிறியின் காற்று முகத்தில் படாதவாறு படுக்கிறோம். படிக்கும்போதும் செல்பேசியைப் பார்க்கும்போதும் இமைக்க மறந்துவிடுகிறோம், கண் காய்கிறது. ஆகவே பக்கத்துக்கு ஒருமுறை கண்ணை மூடித் திறக்கிறோம். பிழைதிருத்தும் வேலையில் இது கடினம். பிழை தப்பினாலும் கண் பிழைக்கிறது!

வெயிலில் போகும்போது பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி அணிகிறோம். ஆனால் வீட்டுக்குள் பகலெல்லாம் கறுப்புக் கண்ணாடியோடு கிடக்கக் கூடாது என்பது மருத்துவர் கண்டிப்பு. இருட்டுக்குப் பழகிய கண், அகல் விளக்குக்கும் அஞ்சத் தொடங்கிவிடும். ஒளியிலிருந்து ஒரேயடியாக ஓடி ஒளிந்தால் நோய் வளரும். அளவறிந்து ஒளியோடு பழகினால் குறையும்.

இப்போது நமக்கு மாதக்கணக்கில் வலியில்லாமல் போகிறது. ஆனாலும், முகத்துக்கு நேரே வைக்கப்படும் மேடை விளக்கை இன்னும் தாங்க முடியவில்லை. கடிதம் எழுதிய தோழர் கண்ட கண்ணாடியின் கதை இவ்வளவுதான்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த அஞ்சலட்டை இன்னொரு பழைய கணக்கையும் கிளறிவிட்டது.

நாம் நம்பாத கண்

பல்லாண்டுகளுக்கு முன், நாம் ஒரு தொழிற்சங்கத்தில் செயலாளராய் இருந்தோம். மறுநாள் ஊர்வலம். ஏற்பாடுகள் தலைக்குமேல். அப்போது வெல்டிங் பட்டறை உதவியாளர் ஒருவர், இளைஞர், தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். "தோழர், வெல்டிங் அடிச்சிருச்சு. கண்ணைத் திறக்க முடியலை. நாளைக்கு என்னை விட்டுடுங்க" என்றார். நிமிர்ந்து பார்த்தோம். கண் சற்றே சிவந்திருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. "கண்வலி எல்லாம் ஒரு சாக்கா? ஆயிரம் பேர் வருகிறார்கள், நீர் ஒருவர்தான் குறைவா?" என்றோம்.

அவர் வாதாடவில்லை. மறுநாள் வந்தார். உச்சி வெயிலில், துண்டை மூக்குவரை இழுத்துவிட்டு, முன்னால் போனவரின் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தார். கன்னமெல்லாம் நீர். வியர்வை என்று எண்ணினோம்.

அது என்ன நோய் என்பது இப்போது நமக்குத் தெரியும். வெல்டிங் ஒளியில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் இருக்கிறது. அது கருவிழியின் மேல்தோலைச் சுடுகிறது. சுடும்போது தெரிவதில்லை. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வலி வருகிறது. பகலில் வாங்கிய அடி, பட்டறையும் மருத்துவமனையும் மூடிய நள்ளிரவில் எழுந்து நிற்கிறது. ஓரிரண்டு நாளில் பொதுவாக ஆறிவிடும். ஆனால் அந்த இரண்டு நாள், வெளிச்சம் என்பது வேல்!

யாருக்கு மிகுதியாக வருகிறது? முகமூடி பிடித்து வெல்டிங் செய்பவருக்கு அவ்வளவாக இல்லை. இரும்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கு. "ஒரே ஒரு புள்ளிதானே" என்று முகமூடி இல்லாமல் தொட்டு வைப்பவருக்கு. தேநீர் கொண்டுவரும் சிறுவருக்கு. முகமூடி ஒன்று, கண்களோ பல! இதுதான் நம் பட்டறைகளின் கணக்கு.

வலி வந்ததும் அவர்கள் என்ன செய்கிறார்கள்? உருளைக்கிழங்கை வில்லையாக அறுத்துக் கண்மேல் வைக்கிறார்கள். தாய்ப்பால் விடுகிறார்கள். சிலர் மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தைத் தேடுகிறார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை. 1884ஆம் ஆண்டு வியன்னாவைச் சேர்ந்த இளம் மருத்துவர் கார்ல் கோலர், கோக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகும் என்று கண்டறிந்தார். கண் அறுவை மருத்துவத்தில் அது ஒரு புரட்சி. ஆனால் அவ்வகை மருந்தின் இடம் மருத்துவரின் மேசை; தொழிலாளியின் சட்டைப் பையன்று. வலிக்கும்போதெல்லாம் விட்டுக்கொண்டே இருந்தால் கருவிழி ஆறாது, கரையும். வலி போய்விடும், கண்ணும் போய்விடும்!

கிரைண்டர் வேலையில் தெறிக்கும் இரும்புத் தூளும் அப்படித்தான். பக்கத்துத் தோழர் துணி நுனியாலோ தீக்குச்சி முனையாலோ எடுத்துவிடுவார். அன்போடுதான் செய்கிறார். ஆனால் இரும்பு போனாலும் துரு அங்கே தங்கும். குச்சியிலிருந்து கிருமியும் குடியேறும்.

கதிரும் காளானும்

பட்டறையை விட்டுக் கழனிக்கு வருவோம். அங்கேதான் பெருங்கேடு.

அறுவடையில் நெற்கதிரின் கூர் நுனி கண்ணில் கீறுகிறது. போரடிக்கையில் உமியும் தூசும் பறந்து விழுகின்றன. கரும்புத் தோகை கிழிக்கிறது. கீறலோடு மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சைக் காளான் கருவிழிக்குள் புகுகிறது. அங்கே புண் வைக்கிறது.

மதுரை மாவட்டத்தின் 1993ஆம் ஆண்டு நிலையை ஆராய்ந்தவர்கள், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11 பேர் வீதம் கருவிழிப் புண்ணுக்கு ஆளாவதாகக் கணக்கிட்டு 1996இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் கண்ட விகிதத்தைப்போல் இது பத்து மடங்கு! 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் சிகிச்சைக்கு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் அடிபட்டவர்களாக இருந்தனர். கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பூஞ்சைக் காளானே காரணம்.

வலியும் கூச்சமும் வந்ததும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பு மறையும்; வலி குறையும்; நோயாளி மகிழ்வார். ஆனால் உள்ளே காளான் செழித்து வளரும். நோயைத் தடுக்கும் உடம்பின் காவலனையே தூங்க வைத்துவிடுகிறது அந்த மருந்து. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியாயிற்று. இழைப்பூஞ்சையால் வரும் கருவிழிப் புண்ணுக்குப் புதிய வோரிகொனசோல் சொட்டு மருந்தைவிட, பழைய நேட்டமைசின் சொட்டு மருந்தே மேல் என்று அது காட்டிற்று. மருந்து இருக்கிறது. இல்லாமல் போவது காலம்.

காலத்தின் அருமைக்கு ஒரு சான்று. நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில், கருவிழியில் சிராய்ப்பு ஏற்பட்டவர்களுக்கு ஊர்ச் சுகாதாரத் தொண்டர்களே கிருமிக்கொல்லிக் களிம்பு இட்டனர். 2001இல் வெளியான அந்த ஆய்வில், 18 மணி நேரத்துக்குள் களிம்பு தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாள் கடந்து வந்தவர்களிலோ நாலில் ஒருவருக்கு மேல் புண் கண்டது. அதே நாட்டில் பின்னர் நடந்த பெரியதோர் ஆய்வில், இத்தகைய திட்டத்தால் ஊர்களின் மொத்தப் புண் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே களிம்பே மந்திரம் என்று நாம் கூற வரவில்லை. அடிபட்டவர் அன்றே வர வேண்டும் என்பதைத்தான் கூறுகிறோம்.

ஏன் வருவதில்லை? அறுவடை நாளில் ஒரு நாள் கூலியை இழக்க எந்தக் குடும்பத்தால் முடியும்? "கண் உறுத்துகிறது" என்றால் வேலை கொடுப்பவர் நம்புவாரா? கேலி செய்வார் என்ற அச்சம். அந்த அச்சத்தில் ஒரு நாள் போகிறது. இரண்டு நாள் போகிறது. மூன்றாம் நாள் கருவிழியில் வெள்ளை விழுந்துவிடுகிறது.

சட்டத்தில் இல்லாத வலி

சட்டம் இதைக் கண்டதா? கண்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 35ஆவது பிரிவு கண் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்டது. தெறிக்கும் துகளாலும் மிகையான ஒளியாலும் கண்ணுக்குக் கேடு நேரும் வேலைகளில், தடுப்புத் திரையோ தகுந்த கண்ணாடியோ தரவேண்டும் என விதி செய்யலாம் என்றது. வேலை செய்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் என்றது! எழுதியவர்கள் உதவியாளரை மறக்கவில்லை. ஆனால் தெருவோரத்துச் சிறு பட்டறை எந்தத் தொழிற்சாலைப் பட்டியலில் வரும்? நெல் வயல் எந்தப் பட்டியலில் வரும்?

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் அட்டவணை போட்டது. ஒரு கண்ணையே இழந்தால் உழைப்புத் திறனில் 40 விழுக்காடு இழப்பு. கண் இருந்து பார்வை மட்டும் போனால் 30 விழுக்காடு. ஆனால் பார்வையும் இருந்து, கண்ணும் இருந்து, வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாதவனுக்கு? அந்த அட்டவணையில் அவனுக்கென்று ஒரு வரி இல்லை. மருத்துவர் மதிப்பிட்டு எழுதித் தந்தால்தான் உண்டு. மருத்துவரும் அவனை நம்பினால்தானே எழுதுவார்?

ஒரு கூலித் தொழிலாளியின் கண்

கருவிழி வெளுத்துப்போனால் கதை முடிந்ததா? இல்லை. வழிகாட்டியவரும் நம்மைப் போன்ற ஒரு தொழிலாளிதான்.

அவர் பெயர் அலாய்ஸ் குளோகர். இன்றைய செக் நாட்டின் மொராவியப் பகுதியைச் சேர்ந்த கூலித் தொழிலாளி. சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்களும் வெளுத்தன. 1905 டிசம்பர் 7 அன்று, ஒலோமோட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர், அகற்ற வேண்டிவந்த வேறொருவர் கண்ணிலிருந்து கருவிழியை எடுத்து அவருக்குப் பொருத்தினார். ஒரு கண்ணில் அது தெளிவாக நிலைத்தது. மனிதக் கருவிழி மனிதனுக்கு வெற்றிகரமாக மாற்றப்பட்டது அதுவே முதல் முறை. அதைப் பெற்றவர் மன்னரல்லர், மாளிகைவாசியல்லர், கூலிக்காரர்!

நம் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1945இல் கண் வங்கி தொடங்கப்பட்டது. 1948இல் அங்கே டாக்டர் முத்தையா கருவிழி மாற்று அறுவை செய்தார். இறந்தவரின் கண்ணை ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் தானமாகப் பெற வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். துக்க வீட்டுக்கு முதலில் போய் நிற்பவர்கள் நம் தோழர்கள். மாலையோடு இந்தச் செய்தியையும் எடுத்துச் செல்லுங்கள்.

வேண்டுகோள் மூன்று

முதலாவது: கண்ணில் அடிபட்டவரை அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தூசியும் துகளும் நல்ல நீரால் கழுவியும் போகவில்லையானால் தோண்டாதீர்கள். சுண்ணாம்பு பட்டால் மட்டும் ஒரு நொடியும் தாமதியாமல் அங்கேயே நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவிவிட்டுப் பிறகு ஓடுங்கள். தானாக எந்தச் சொட்டு மருந்தும் வாங்காதீர்கள்.

இரண்டாவது: ஒவ்வொரு பட்டறையிலும் முகமூடி எத்தனை, கண்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை பொருந்தும்வரை கேளுங்கள். கூலி உயர்வு கேட்கும் அதே குரலில் கேளுங்கள்.

மூன்றாவது, முதன்மையானது: வெளிச்சம் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள். உங்கள் கண்ணுக்கு அவர் கண்ணில் ஒன்றும் தெரியாது. சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால்தான் தெரியும். நம்மிடம் நீல ஒளி இல்லை, நம்பிக்கை இருக்கிறது. அது போதும், ஒருவரை அன்றே மருத்துவரிடம் சேர்க்க.

அந்த ஊர்வலத்தில் நடந்த உதவியாளரை நாம் சென்ற ஆண்டு தேடிப் போனோம். இப்போது சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். வாசலில் நான்கு முகமூடிகள் வரிசையாகத் தொங்கின. நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தோம். அவர் சிரித்தார். "கண்ணு ரெண்டு நாள்ல ஆறிப்போச்சு தோழர். நீங்க நம்பலைங்கறதுதான் ஆற நாளாச்சு" என்றார்.

அஞ்சலட்டை எழுதிய தோழரே! உமக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் உங்கள் ஊருக்கு மீண்டும் வருகிறோம். மேடை விளக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உம் முகத்தைப் பார்த்தே பேசுகிறோம்.